மருந்து நேரத்தில் மேரி திரும்பமாட்டாள்

இன்று ஹல்துமுல்லை முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். தாதிப் பயிற்சி இல்லாத அங்குள்ள பராமரிப்பாளர்களுக்கு, மருந்தைத் தவறில்லாமல் கொடுக்கப் பழக்கியது நான்தான்.

"என்ன மேரி, சுகமா?" என்றேன்.

மாத்திரைத் தட்டோடு நின்ற மேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலில் இருந்தவரிடம், "பேரு சொல்லுங்கம்மா" என்றாள்.

"லெட்சுமி."

"அப்பா பேரு?"

"கருப்பையா."

எடுத்த மாத்திரையை மேரி உடனே திரும்ப வைத்தாள். அது பக்கத்துக் கட்டிலில் இருந்த இன்னொரு லெட்சுமியின் சீனி வருத்த (நீரிழிவு) மாத்திரை. இவருக்கோ சீனி வருத்தமே இல்லை. கொடுத்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

இருவருக்கும் சரியான மாத்திரையைக் கொடுத்த பிறகே என் பக்கம் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். மருந்து குடுக்கறப்ப யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நலம் விசாரித்துப் பதில் கிடைக்காததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?