பதின்மூன்று, இருபது, இருபத்தொன்று

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் நான் நூற்றுக்கு நூறு வாங்கினேன். அதில் என் அறிவுக்குப் பங்கு குறைவு. புத்தகத்திலிருந்த எல்லாக் கணக்குகளையும் எங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். விடை மட்டுமல்ல, அது பக்கத்தின் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது வரை தெரியும். கேள்வியின் முதல் வரியைப் படித்தால் போதும், கை தானாக எழுதத் தொடங்கிவிடும். அதைத்தான் கணக்குப் போடுவது என்று சொல்லிக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இந்த நூறைக் காட்டி, செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு முதல் பிரிவில் சேர்ந்தேன். உயர் கணிதம் உள்ள பிரிவு. இன்ஜினீயரிங் போகும் வழி அது ஒன்றுதான். எங்கள் வீடு மாமல்லபுரத்தில். விண்ணப்பம் வாங்க அப்பா லீவு போட்டு, விடியும் முன்பே போய் வரிசையில் நின்றார். அவர் லீவு போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பா தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். நிலத்தை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்து பரப்பளவு போடுவது அவர் வேலை. கடற்கரைச் சாலையோரம் மனைகள் விற்கத் தொடங்கியிருந்த சமயம் என்பதால் வீட்டுக்குப் புரோக்கர்கள் வருவார்கள்.

"அண்ணாத்த, ஒரு அடிதான? கல்ல அப்டியே நவுத்திப் போட்டா இன்னா கெட்டுப்பூடும்?"

"கல்லு நவுந்தா அப்புறம் நான் எதுக்கு?" என்பார் அப்பா. குரலை உயர்த்தமாட்டார். வந்தவர் அம்மா கொடுத்த காபியைக் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்து, வாசல்வரை போய் வழியனுப்பியும் வருவார். ஊரில் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். எனக்கு அது ஒரு பட்டம்போலத்தான் கேட்டது.

பள்ளியில் கணக்கு டீச்சர் புதிதாக வந்தவர். பெற்றோர் சங்கம் சம்பளம் கொடுக்கும் தற்காலிக வேலை. சின்ன உருவம், சின்னக் குரல். முதல் தேர்வு ஐம்பது மதிப்பெண்ணுக்கு. அதில் ஒரு கேள்வியைப் பார்த்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களைக் கொடுத்துப் பரப்பளவு கேட்டிருந்தார்கள். புத்தகத்தில் இருந்த கணக்கு. பக்கங்கள் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, விடை எண்பத்துநான்கு.

வெளியே வந்ததும் என் தோழி கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி போட்ட?"

"எண்பத்துநாலு."

"அப்பாடா, நானும் அதான். கண்ண மூடிக்கினே எழுதிட்டேன்டி."

கண்ணை மூடிக்கொண்டுதான் எல்லோரும் எழுதியிருந்தோம். டீச்சர் ஸ்டென்சில் தாளில் கையால் எழுதிப் படியெடுத்த கேள்வித்தாளில் இருந்த எண்கள் பதின்மூன்று, இருபது, இருபத்தொன்று. வேண்டுமென்றே மாற்றியிருந்தார். வகுப்பில் ஒருத்திகூடக் கவனிக்கவில்லை.

விடைத்தாளில் எனக்குப் பன்னிரண்டு. பாஸ் ஆகப் பதினெட்டு வேண்டும். என் பெயருக்குக் கீழே அப்படியொரு எண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. வேறு யாருடைய தாளோ என்று பெயரை மறுபடி படித்தேன். காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. முதல் தேர்வில் தவறியவர்களை வணிகவியல் பிரிவுக்கு மாற்றிவிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். பொதுத்தேர்வில் பள்ளியின் பெயர் கெடக்கூடாதல்லவா. பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள்.

மறுநாள் பேருந்தில் அப்பா கேள்வித்தாளைக் கேட்டு வாங்கினார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் ஏதோ எழுதினார். வயல்வெளியில் தாள் இல்லாதபோது அவர் செய்வதுதான். பிறகு கேட்டார், "நீ எப்படி எண்பத்துநாலு போட்ட?"

"புக்ல அப்படித்தான்பா இருக்கு."

அவர் கையை மூடிக்கொண்டார்.

தலைமையாசிரியையின் அறையில் கணக்கு டீச்சரும் நின்றிருந்தார். பிரிவு மாற்றத்துக்கான தாள்கள் மேசைமேல் தயாராக இருந்தன. என்னை மன்னிக்கும்படி அப்பா கெஞ்சப்போகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், இந்தக் கேள்வியே தப்பு," என்றார் அப்பா. "புக்ல பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. இங்க நம்பர் மாறி விழுந்திருக்கு. ஸ்டென்சில் தப்புக்குப் புள்ளைங்க இன்னா பண்ணும்? எழுதுனவங்களுக்கெல்லாம் பத்து மார்க் குடுக்கறதுதான் நியாயம்."

குரல் உயர்ந்திருந்தது. அந்தக் குரல் அப்பாவிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. தலைமையாசிரியை திரும்பினார். "இன்னாம்மா இது?"

"இல்ல மேடம், அது வந்து..." என்று டீச்சர் தொடங்கினார். அப்பா கேள்வித்தாளை மேசைமேல் வைத்து அந்த வரியைக் காட்டக் கையை நீட்டினார். உள்ளங்கை விரிந்தது. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். இருபத்தேழு, பதினான்கு, ஏழு, ஆறு. அதன் கீழே நூற்று இருபத்தாறு என்று விடை. படிக்கட்டுபோல ஒழுங்காக, ஒவ்வொரு படியும் சரியாக. கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. அது அப்பாவுக்குத் தெரியும்.

டீச்சரும் பார்த்துவிட்டார்.

"சார் எங்க வேலை பாக்கறீங்க?"

"தாலுகா ஆபீஸ்ல." கையை மூடிக்கொண்டு, "சர்வேயர்," என்றார்.

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு என்னை, பிறகு மேசைமேல் இருந்த தாள்களை. "தப்புதான் மேடம்," என்றார். "எழுதும்போது நம்பர் மாறிடுச்சு. நான்தான் சரிபாக்கல."

"ஸ்டென்சில் எழுதினா திரும்பிப் பாக்க மாட்டீங்களா? ஒரு வகுப்பே பேஜாராயிட்டு நிக்குது. இப்படி இருந்தா அடுத்த வருஷம் உங்களை நான் எப்படி வெச்சுக்கறது?" தலைமையாசிரியை வெகுநேரம் திட்டினார். டீச்சர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் குனிந்துதான் நின்றார். திட்டு யாருக்கு என்று புதிதாக வருகிறவர் யாருக்கும் புரிந்திருக்காது.

பன்னிரண்டு இருபத்திரண்டு ஆயிற்று. மேசையிலிருந்த தாள்களில் என் தாளைக் கிழித்துப் போட்டார்கள். நான் முதல் பிரிவிலேயே இருந்தேன். அன்று பள்ளி விட்டதும் வாசலில் அப்பா காத்திருந்தார். அலுவலகத்துக்குப் போகவே இல்லை போலிருக்கிறது. பேருந்தில் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தின நாள் விடைத்தாளைப் பார்த்ததும் அடைத்த காது எனக்கு அப்போதுதான் திறந்தது. சந்தோஷத்தில் அவர் தோளை உலுக்கினேன்.

"நீ போட்ட சத்தத்துல டீச்சர் பயந்தே பூட்டாங்கப்பா!"

அப்பா என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். எழுந்து போய், முன்னால் தனியாக ஓர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அங்கே நல்ல காற்று வரும், அதற்காகத்தான் போகிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.