பாத்திக்குள் ஒரு பெட்ரோல் கேன்

நான் மஸ்கெலியா பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் பெட்ரோல் வாசம் வந்தபோது முதலில் கத்தியதும் நான்தான். அந்தத் தண்ணீரைக் குடித்த பக்கத்து வீட்டுச் செல்வியக்காவின் சின்ன மகள் வாந்தி எடுத்திருந்தாள்.

"ஷெட்டுக்காரங்க டேங்க் ஓட்டை! வாங்க, போய்க் கேப்போம்!" என்று லயத்தையே திரட்டிக்கொண்டு, கீழே ரோட்டோரம் வண்டிகளுக்குப் பெட்ரோல் அடிக்கும் ஷெட்டுக்குப் போனேன்.

நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் ஷெட் முதலாளி நிதானமாகக் கேட்டார்: "தம்பி, ஷெட் கீழ இருக்கு, பீலி மேல இருக்கு. என் பெட்ரோல் மேட்டுல ஏறி வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ அப்போதுதான் நினைவு வந்தது. நாடே பெட்ரோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற காலத்தில், பீலிக்கு மேலே என் மரக்கறிப் பாத்தியில் ஒரு கேன் பெட்ரோலைப் புதைத்துவிட்டு மறந்தே போயிருந்தேன். ஓடிப்போய்த் தோண்டினால், கேன் விரிசல் விட்டுக் காலியாகக் கிடந்தது.

பின்னாலேயே வந்த செல்வியக்கா கேட்டார்: "அப்ப ஓட்டை டேங்க் ஒன்னோடதாடா?"

நானாவிடம் மன்னிப்புக் கேட்டபோது தலை நிமிரவில்லை. பிள்ளை தேறிவிட்டாள். இப்போது, எங்கள் பீலியில் வாசம் போகும்வரை, தூரத்துப் பீலியிலிருந்து எல்லா வீட்டுக்கும் என் ஆட்டோவில்தான் தண்ணீர் வருகிறது. செல்வியக்கா ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்த்துத்தான் குடத்தில் ஊற்றுகிறார். அவர் முகர்ந்து முடிக்கும்வரை இந்த நீள வாய்க்காரன் பேசாமல் நிற்கிறான்.