உப்புப் போட்ட ஐஸ்

கர்ப்பத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது, என் உடம்பில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதென்று. கண் மஞ்சளாகவில்லை, ஒரு வேளைச் சோறு குறையவில்லை. வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது. இது பி வகை, பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றலாம், தொற்றினால் ஆயுசுக்கும் தங்கிவிடும் என்றார் டாக்டர். பிறந்த ஒரு நாளுக்குள் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாமாம். அந்தப் 'பெரும்பாலும்' என்னைத் தூங்கவிடவில்லை. வயிற்றில் பிள்ளை உதைக்கும்போதெல்லாம், உள்ளேயே இருந்துவிடேன் என்று கெஞ்சினேன்.

ராயபுரத்தில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. அந்த ஊசி மருந்தை வெளியே கடையில்தான் வாங்கிவர வேண்டும். சூடு படாமல் ஐஸ் வைத்துக் கொண்டுவரச் சொல்லி சிஸ்டர் என் வீட்டுக்காரரை அனுப்பினார். அவர் காசிமேட்டில் விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். ஐஸைப் பற்றி அவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

மருந்துக்கடையில் கொடுத்த ஐஸ் பையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்ததாம். நேராக ஹார்பருக்குப் போய், உடைத்த ஐஸை டப்பாவில் கொட்டி, இன்னும் சில்லென்று இருக்கட்டும் என்று கல்லுப்பும் தூவி, மருந்துச் சீசாவை நடுவில் புதைத்துவிட்டார். பார்த்தவர்களிடமெல்லாம் மகள் பிறந்ததைச் சொல்லிவிட்டு வர மதியமாகிவிட்டது.

சிஸ்டர் சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருந்து கட்டியாக நின்றது.

"இது உறைஞ்சி போச்சுப்பா. உறைஞ்ச மருந்து வேலை செய்யாது. வேற வாங்கினு வா."

இன்னொன்று கிடைக்காவிட்டால்? திட்ட வாயெடுத்தேன், என் வாய் லேசுப்பட்டதல்ல. அவர் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன்.

"நான் செத்ததத்தான் ஐஸுல வெச்சிப் பயகுனவன் சிஸ்டர்" என்றார். "உசுரக் காப்பாத்தறத எப்டி வெக்கிறதுன்னு தெர்ல." சொல்லிவிட்டு ஓடினார்.

குழந்தை பாலுக்கு அழுதது. தாய்ப்பால் கொடுக்கலாம், தொற்றாது என்று சிஸ்டர் எத்தனை சொல்லியும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் அதட்டிய பிறகே கொடுத்தேன், என் மூச்சு மேலே படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

முதல் கடையில் மருந்து தீர்ந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரர் திருவொற்றியூர் வரை அலைந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். இந்த முறை கடைக்காரர் கட்டிக்கொடுத்ததை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சிஸ்டர் சீசாவைக் குலுக்கிப் பார்த்துத் தலையசைத்தார். தொடையில் ஊசி இறங்கியதும் குழந்தை வீரிட்டது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நன்றாக அழு என்று நான் மனசுக்குள் சொன்னேன்.

மீதி ஊசிகளையும் தவறாமல் போட்டோம். முத்தம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சிரித்தார், அவருக்கென்ன, சிரிப்பார். ஒரு வயது தாண்டி அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, கிருமி இல்லை என்றார்கள். எனக்கு இன்னும் இருக்கிறது. அவளுக்கு இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளை இறுக்கிப் பிடித்து முதன்முதலாக முத்தம் கொடுத்தேன். அம்மா முத்தம் பழக்கமில்லாத என் மகள், புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.