பேய்க்குக் கண் சிமிட்டத் தெரியாது

என் அப்பா சினிமாவில் பேசப்பட்டது ஒரே ஒரு வேடத்துக்காக. அது ஒரு பெண் பேய்.

தொழில் லைட்மேன். படப்பிடிப்பில் விளக்குகளைத் தூக்குவது, ஸ்டாண்டில் ஏற்றுவது, கேமராக்காரர் "இன்னும் கொஞ்சம் இடது" என்றால் இன்னும் கொஞ்சம் இடது நகர்த்துவது. ஆள் ஒல்லி, நல்ல உயரம். ஏணி கிடைக்காத இடத்தில் அவரை நிறுத்திக்கொள்வார்கள் என்பாள் அம்மா.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் அது. பூட்டிக் கிடந்த பெரிய வீடு, புதிதாகக் குடிவரும் குடும்பம், மாடியில் ஒரு பேய். பேயாக நடிக்க வேண்டிய நடிகைக்குக் காய்ச்சல். டூப் போட வந்தவர் பால்கனியில் கயிற்றில் தொங்க மாட்டேன் என்று கிளம்பிவிட்டார். இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் அப்பா மாடிப்படியில் இறங்கி வந்திருக்கிறார். விளக்கு வெளிச்சத்தை மட்டுப்படுத்தக் கட்டும் வெள்ளைத் துணியையும் அவர்தான் கொண்டுவர வேண்டும். இரண்டு கையிலும் சாமான். அதனால் துணியைத் தலையோடு சுற்றிக்கொண்டு, படி தெரியாமல், காலைத் தேய்த்துத் தேய்த்து இறங்கினார். இயக்குநர் அலறிய அலறலில் டீ கொண்டுவந்தவர் தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"இதுதான்யா பேய்! இவரையே கட்டித் தொங்க விடுங்க!"

விக் வைத்தார்கள். முடி முகத்தை மூடியது. கவுன் மாட்டினார்கள். அது முழங்காலோடு நின்றுவிட்டது, கீழே ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். படம் சக்கைப்போடு போட்டது. போஸ்டரில் அப்பாதான், அதாவது விக். பெயர்ப் பட்டியலில் பேய்க்கு நேராக அந்த நடிகையின் பெயர் வந்தது. அப்பாவின் பெயர் லைட்மேன்கள் வரிசையில், இனிஷியல் தப்பாக.

ஆனால் தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பால்காரர் முதல் தையல்காரர் வரை எல்லாருக்கும் நாங்கள் பேய் வீட்டுக்காரர்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போதெல்லாம் அம்மா சொல்வாள்: "ஊருல எல்லாரும் பேய் இல்லாத வீடா தேடறாங்க. நான் பேயையே கூட்டிக்கிட்டு வீடு தேடறேன்."

அதன் பிறகு எந்தப் படத்தில் பேய் என்றாலும் அப்பாவைக் கூப்பிட்டார்கள். பகலில் விளக்குத் தூக்குவார், தேவைப்பட்டால் கவுன் மாட்டுவார். அதிலும் அவர் தொழில் சுத்தம். தோள் ஏறி இறங்காமல் நடக்கக் கற்றுக்கொண்டார். மூச்சு வெளியே தெரியாமல் வயிற்றுக்குள் வாங்குவார். முக்கியமாக, கண் சிமிட்ட மாட்டார். முடிக்கு நடுவே ஒரு கண் மட்டும் தெரியும் காட்சிகளுக்காக வருஷக்கணக்கில் பழகியது.

"பேய் நடிக்கக் கூடாது, பாப்பா. நடிச்சா மனுஷன் ஆயிடும்," என்பார் என்னிடம்.

டி.வி.யில் பேய்ப் படம் ஓடினால் வீட்டில் விமர்சனம் ஆரம்பித்துவிடும். "பாரு, நெஞ்சு ஏறி எறங்குது. செத்தவளுக்கு எதுக்கு மூச்சு?"

"நீங்க உயிரோடதானே இருக்கீங்க? கொஞ்சம் மூச்சு விட்டுட்டு சாப்பிடுங்க," என்பாள் அம்மா.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. ஒரு தடவை முகம் தெரிய வேண்டும். மனிதனாக வந்து, சொந்தக் குரலில் ஒரு வசனம் பேச வேண்டும். தெரிந்த இயக்குநர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். "உங்க மூஞ்சியக் காட்டினா அப்புறம் உங்களைப் பார்த்து யாருண்ணே பயப்படுவாங்க?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார்.

முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபின் அந்தப் பழைய படத்தை மறுபடி எடுப்பதாகச் செய்தி வந்தது. புது இயக்குநர் வீடு தேடி வந்தார். இளைஞர். சோபாவின் நுனியில் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல உங்களைப் பார்த்துட்டு ஒரு வாரம் தனியா பாத்ரூம் போகல, சார்."

"கல்யாணமான புதுசுல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, தம்பி," என்றாள் அம்மா.

அவர் கேட்டது இதுதான்: புதுப் படத்தில் மாடிப்படியில் ஒரே ஒரு தடவை பழைய பேய் இறங்கி வர வேண்டும். பழைய விக், பழைய கவுன். தியேட்டரில் விசில் பறக்கும்.

"மூஞ்சி தெரியுமா?"

"விக் இருக்குமே, சார்..."

"அப்போ வேண்டாம், தம்பி. மனுஷனா ஏதாவது இருந்தா சொல்லுங்க."

அம்மா கையிலிருந்த தம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இயக்குநர் யோசித்தார். கதையில் ஒரு கிழ வாட்ச்மேன் இருந்தார். வேலை முடிந்து தன் வீட்டுக்கு வருவார். செத்துப்போன மனைவியின் உருவில் பேய் சமையலறையில் நிற்கும். "யாரது?" என்று அலறி ஓடுவார். அவ்வளவுதான். அந்த வேடத்தை அப்பாவுக்குக் கொடுத்தார்.

முதல் நாள் நான் லீவு போட்டு அவரைக் காரில் கூட்டிப்போனேன். பழைய படத்தின் வீடு இடிந்துவிட்டதால் ஒரு கிடங்குக்குள் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார், விளக்குகளை அண்ணாந்து பார்த்தார், பிறகுதான் மேக்கப்புக்கு உட்கார்ந்தார். நாங்கள் போனபோது வேறு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் பயப்பட வேண்டும். கண் டாக்டரிடம் காட்டுவதுபோல விழித்துக்கொண்டிருந்தார். பேயாக நடித்த பெண் வேறு மாதிரி. இந்தப் பேய்க்கு விக் கிடையாது, முகம் உண்டு. ஒரு சின்னப் பிள்ளையின் சட்டையை மடித்து வைத்துவிட்டு ஒரு நொடி அதன்மேல் கையை வைத்தாள். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"இந்தப் பொண்ணு நடிக்குது. மூச்சு கூட விடுது. ஆனா நல்லாருக்கு," என்றார் அப்பா என் காதருகே. கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னது தப்பு போல," என்றார்.

அப்பாவின் முறை வந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"கட். சார், நீங்க மிதக்கறீங்க."

"மிதக்கறனா?"

"தோளே அசையல, சார். வாட்ச்மேன் நாள் பூரா வேலை பார்த்துட்டு வர்றாரு. கால் வலிக்கணும்."

"கால் நெசமாவே வலிக்குது, தம்பி."

மறுபடி. இந்தத் தடவை நடை சரி. கண் சரியில்லை.

"சார், கண்ணைச் சிமிட்டுங்க. நீங்க உயிரோட இருக்கீங்க."

"தெரியுது."

சிமிட்டினார். ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி சிமிட்டினார். மேலே விளக்குகளோடு உட்கார்ந்திருந்த அவருடைய பழைய கூட்டாளிகள் சிரித்தார்கள். "அண்ணே, யாரு பேய்னு ஜனங்க குழம்பிடப் போறாங்க!"

அடுத்த டேக்கில் சிமிட்டலை மறந்தார். சமையலறையில் நின்ற அந்தப் பெண்ணை அசையாமல் பார்த்தபடி நெருங்கினார். அவள் ஒரு அடி பின்வாங்கினாள். இன்னொரு அடி. பிறகு "ஐயோ சார்!" என்று பின்வாசல் வழியாக ஓடியே போய்விட்டாள். வாட்ச்மேனைப் பார்த்துப் பேய் ஓடிய படப்பிடிப்பு உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தயாரிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தக் காட்சியவே தூக்கிடுங்க," என்றார். இயக்குநர் கெஞ்சி மறுநாள் காலை ஒரு வாய்ப்பு வாங்கினார்.

அப்பா விக் இல்லாத தலையைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மேக்கப்பைக் கலைக்காமலே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சாரி சார், பயந்துட்டேன்."

"பரவாயில்லம்மா. ரொம்ப நாள் கழிச்சு ஒருத்தராவது பயந்தாங்களே."

"கண்ணை விட்டுடுங்க, சார். அது தானா சிமிட்டும். எதிர்ல யாரு நிக்கறாங்கன்னு மட்டும் நினைங்க. நான் பேய் இல்ல. உங்க வீட்டம்மா."

"அவ உயிரோட இருக்காளேம்மா."

"இல்லன்னு நினைச்சுப் பாருங்க."

அப்பா எழுந்து செருப்பைத் தேடினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "இன்னைக்கு எத்தனை பேரை பயமுறுத்தினீங்க?"

"ஒரே ஒரு பேய."

சாப்பிடும்போது சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்வை? உப்பு கம்மியா?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

மறுநாள் எனக்கு வேலை. அப்பா படக் கம்பெனி வண்டியில் தனியாகப் போய்விட்டு மத்தியானமே திரும்பி வந்தாராம்.

"என்னங்க ஆச்சு?"

"முடிஞ்சுது."

"பேசினீங்களா?"

"பேசினேன்."

"என்ன பேசினீங்க?"

"படத்துல பாரு."

"பெரிய ஹீரோ! கதைய வெளிய சொல்ல மாட்டாரு," என்றாள் அம்மா. அவர் சட்டையை மாற்றிக்கொண்டே விசிலடித்தாராம்.

டப்பிங்குக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்குள் அப்பா இறந்துவிட்டார். மாரடைப்பு. காலையில் முகம் கழுவப் போனவர். இதற்குமேல் அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

இயக்குநர் வந்தார். இந்தத் தடவை சோபாவில் உட்காரவே இல்லை. விஷயத்தைச் சொல்லச் சிரமப்பட்டார். படப்பிடிப்பில் பதிவான ஒலி ஓர் அடையாளத்துக்குத்தான், ஜெனரேட்டர் இரைச்சலும் மின்விசிறிச் சத்தமும் அதில் நிறைய. வசனத்தைப் பிறகு ஸ்டுடியோவில் பேச வைப்பார்கள். இப்போது வேறொருவர் பேச வேண்டும். அப்பாவின் குரலிலேயே பேச ஒரு மிமிக்ரிக்காரர் இருக்கிறார்.

"தயாரிப்பாளர் காட்சியே வேண்டாம்கிறாரு, அம்மா. சார் அலறவே இல்ல, ஓடவும் இல்ல, அப்புறம் இது என்ன பேய்ப் படம்னு கேக்கறாரு. நான் விட மாட்டேன். ஆனா குரல் இல்லாம வச்சுக்கிட்டு சண்டை போட முடியாது."

அம்மா நிதானமாகக் கேட்டாள்: "மூஞ்சி அவருது, குரல் இன்னொருத்தருதா? அதுக்கு அவரு அந்த விக்கையே மாட்டியிருக்கலாமே, தம்பி. அவர் குரல் இல்லன்னா எடுத்துடுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

இயக்குநர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பதிவைக் குடுங்க. நான் பார்க்கறேன்," என்றேன்.

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. இரைச்சலும் குரலும் எனக்குப் பழக்கம்தான், சினிமா பழக்கமில்லை. ஜெனரேட்டர் ஒரே சுருதியில் இரைந்தது. அதை நீக்குவது சுலபம். சிக்கல் என்னவென்றால் அப்பாவின் குரலின் அடிப்பகுதியும் அதே இடத்தில்தான் இருந்தது. இரைச்சலை வெட்டினால் யாரோ தொலைபேசியில் பேசுவது போல ஆனது. அவர் பேசாத இடங்களிலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்தேன். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தேன். கெட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

ஒருவழியாகத் தெளிந்தது. முதலில் கதவு. பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை, வெகுநேரம். "யாரது?" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பா சொன்னது இது:

"எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டிருக்க? உக்காரு."

அம்மா என் அறை வாசலில் நின்றாள். "கேக்குதா?"

"கேக்குதும்மா."

ஹெட்போனைக் கழற்றி நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேண்டாம். படத்துல பாருன்னுதானே சொன்னாரு."

பதிவைக் கொடுத்தோம். ஸ்டுடியோவில் ஒலி சேர்ப்பவர், கொஞ்சம் இரைகிறது, பழைய வீடு என்று ஓட்டிவிடலாம் என்றார். தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டாரா என்பது தெரியவில்லை. இயக்குநர் கடைசி வாரத்தில் போனை எடுக்கவில்லை. அவருக்கு ஆயிரம் வேலை.

படம் வெளியான முதல் நாள் மத்தியானக் காட்சிக்குப் போனோம். அப்பாவின் லைட்மேன் கூட்டாளிகள் பின்வரிசையை நிறைத்திருந்தார்கள். படம் ஆரம்பித்தது. கூட்டம் அலறியது, அலறிவிட்டுச் சிரித்தது. கதாநாயகன் விழித்தார். அம்மா கன ஜோராகப் பார்த்தாள். "மூச்சு வாங்குது பாரு, மூச்சு வாங்குது பாரு," என்று என் கையைக் கிள்ளினாள். இடைவேளை போனது. வாட்ச்மேன் தூரத்தில் கேட்டைத் திறப்பது மட்டும் ஒருமுறை வந்தது, முதுகு. அம்மா விமர்சனத்தை நிறுத்திவிட்டாள். கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்று எனக்கும் தெரியாது. வெட்டியிருந்தால் வெட்டிய தடமே தெரியாது.

ஒரு கதவு திறந்தது. அப்பா உள்ளே வந்தார்.

முகம் திரை முழுக்க. முழங்கால் வலிக்கிற நடை. செருப்பைக் கழற்றினார், நிமிர்ந்தார். சமையலறையில் அந்தப் பெண் நின்றாள். தியேட்டர் அலறுவதற்குத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்பா அலறவில்லை. பார்த்தார். கண் ஒருமுறை சிமிட்டியது, அவருக்கே தெரியாமல். தோள் மெல்ல இறங்கியது. ரொம்ப நேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் பஸ்ஸைப் பார்த்தது போல இருந்தது முகம். எங்கோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டிருக்க? உக்காரு."

சத்தமே இல்லை. பின்வரிசையில்கூட விசில் இல்லை.

அம்மா பதில் சொன்னாள். சாதாரணமாக, வீட்டில் சொல்வது போல.

"உக்காந்துதாங்க இருக்கேன்."

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அம்மா கேட்கவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.