ஒன்பதாவது மாடி ஜன்னல்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் ஒரு லிஃப்டுக்குள் நின்றுகொண்டு முருகனைக் கூப்பிட்டேன். மனதுக்குள்தான். வாய்விட்டுக் கூப்பிட்டிருந்தால் பக்கத்தில் நின்ற என் மனைவி செண்பகம் சிரித்திருப்பாள்.

வீடு பார்க்கப் போயிருந்தோம். தமிழர்கள் நிறைந்த தேக்காவில் நாங்கள் குடியிருந்த அறையை மாத முடிவுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் – கட்டடம் கைமாறிவிட்டதாம். செண்பகத்துக்கோ அப்போது ஏழாம் மாதம். அரசாங்கத்திடம் மனுப் போட்டிருந்த வாடகை ஃப்ளாட் கிடைத்ததும் துள்ளிக் குதித்தேன்... ஒன்பதாவது மாடி என்று தெரியும்வரை!

நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றவே யோசிக்கிறவன் நான். கட்டிய மனைவியிடம் இதைச் சொல்ல முடியுமா? 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவோம். அப்புறம் பிள்ளை எங்கே பிறப்பது, நடுத்தெருவிலா?

கட்டடத்தின் கீழே வரிசையாகக் கடைகள். மளிகை, துணி, மருந்து, நடக்கிற தூரத்தில் மார்க்கெட், சினிமா கொட்டகை.

"சாமான் வாங்க பஸ் ஏறவே வேணாங்க!" என்றாள். அவளுக்கு முகமெல்லாம் பல். நான் அண்ணாந்து மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேலே போய்க் கதவைத் திறந்தோம். நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு குறை தேடினேன்.

"தண்ணி இவ்வளவு உயரம் ஏறுமான்னு தெரியலையே..."

அவள் குழாயைத் திறந்தாள். கொட்டியது.

"காத்து ஜாஸ்தியா இருக்கு. பிள்ளைக்கு ஆகாது."

"தேக்கா ரூம்ல காத்தே இல்லன்னு நீங்கதானே புலம்புனீங்க?"

அப்போதுதான் ஜன்னல் வழியே அடுத்த வீட்டுச் சீன அம்மாளைப் பார்த்தேன். தன் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை குனிந்து, ஈரத்துணி கோத்த நீண்ட மூங்கில் கழியை துணி உலர்த்தவென்றே வெளிச்சுவரில் பதித்திருந்த குழாய்க்குள் சொருகிக்கொண்டிருந்தார். இனி செண்பகமும் ஈரப் புடவையோடு, அந்த வயிற்றோடு, இப்படித்தானே குனிய வேண்டும்?

"ஐயோ!" என்று கத்தியேவிட்டேன்.

சீன அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். செண்பகத்திடம் மலாயில் கேட்டார்: "தாக்குத், ஆ?"

'பயமா' என்று அர்த்தம். தேக்காவில் தமிழிலேயே காலம் தள்ளுகிறவளுக்கு மலாய் எங்கே தெரியும்? அவள் காதில் 'தாக்குதா' என்றுதான் விழுந்தது.

"என்னங்க தாக்குது? யாரைத் தாக்குது?" என்று பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேறு வழி? உண்மையைச் சொன்னேன்.

"ஒண்ணும் தாக்கல. எனக்குப் பயமான்னு கேக்குறாங்க. ஆமா... உயரம்னா எனக்குப் பயம். நீ அந்த ஜன்னல்ல குனியிறத நெனச்சா இன்னும் பயம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. உயரத்துக்கு இல்ல. வலி எடுக்குறப்ப நமக்கு வீடுன்னு ஒண்ணு இருக்குமான்னு... படுத்தா அதே நெனப்புதான். உங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான்."

ஒரே பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேர் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம்! சொல்லிவிட்டால் பயம் ஓடிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடும்போதும் 'கீழ் மாடி எதுவும் காலியில்லையா?' என்று கேட்கத்தான் செய்தேன்.

குடிவந்துவிட்டோம். புடவைகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது இப்போது நான்தான் – கண்ணை இறுக மூடிக்கொண்டு!