சன்னாசி அண்ணனின் கோப்பெங் சுற்று

லகாட் டவுனில், சுற்று ஊர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் எங்கள் மளிகை ஸ்டோரில் சாமான் இருப்பைச் சரிபார்ப்பது என் வேலை. சன்னாசி அண்ணன் அங்கே இருபத்திரண்டு வருடம் லோரி ஓட்டினார். பிறந்து வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டை அதன் முதலாளிகள் விற்றபோது டவுனுக்கு வந்தவர். காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாவியைப் போடுவார்.

சாமான் ஏற்றும்போது பக்கத்தில் நிற்பார். கடைசியில் இறக்குவது முதலில் உள்ளே போக வேண்டும்.

"மங்களம், கோப்பெங் கடைங்களுக்குப் போற அரிசி உள்ள போச்சா? அப்பறம்தான் சிம்பாங் பூலாய் கடை மாவு. இல்லன்னா நடுரோட்டுல நான்தான் எறக்கி ஏத்தணும்."

எந்தக் கடையில் எண்ணெய் எந்தக் கிழமை தீரும், எந்தச் சந்தில் லோரி திரும்பாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

டீசல் விலை ஏறியது. இரண்டு லோரியும் பாதி காலியாக ஓடுகின்றன, செலவைக் குறை என்று முதலாளி மேலாளர் சுகுமாரனிடம் சொல்லிவிட்டார். சுகுமாரனும் அண்ணனும் எஸ்டேட்டில் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள்.

"மச்சான், ஒனக்குத் தெரிஞ்சத எல்லாம் சொல்லுலா. கம்ப்யூட்டர்ல போட்டுர்றேன்."

"போட்டுட்டு என்னயும் தூக்கி வெளிய போட்டுருவியா? ரிட்டயராவ இன்னும் மூணு வருசம் இருக்குடா எனக்கு."

"சே! நம்ம எஸ்டேட்டு முனியாண்டி மேல சத்தியம். ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது."

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"சாமி மேலயே சத்தியம் பண்ணியாச்சு, சொல்லுங்கண்ணே," என்றேன். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

மூன்று நாள் உட்கார்ந்து சொன்னார். காலையில் கோப்பெங் சுற்று, மத்தியானம் லகாட் சுற்று என்று பிரித்தால் ஒரே லோரி போதும் என்று கண்டுபிடித்ததே அவர்தான். "எவ்வளவு டீசல் மிச்சம் பாத்தியா!" என்று சிரித்தார்.

மாதக் கடைசியில் அவருடைய லோரியை விற்றுவிட்டார்கள். வேலை முடிந்தது என்ற கடிதத்தைக் கொடுத்தது சுகுமாரன்தான்.

"முனியாண்டிகிட்ட என்னடா சொல்லப் போற?" என்று மட்டும் அண்ணன் கேட்டார். சுகுமாரன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து விளக்கேற்றும்போதெல்லாம் சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, மிச்சமிருந்த லோரியின் டிரைவர் கோப்பெங்கிலிருந்து அழைத்தார். அங்கே கடை வைத்திருக்கும் ஜைனுலாப்தீன் பாய் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருக்கிறார், கடை பூட்டியிருக்கிறது. லோரி திரும்பினால்தான் லகாட் சாமானை ஏற்ற முடியும். லகாட் கடைக்காரர்கள் ஸ்டோருக்குப் போன் போட்டுத் திட்டத் தொடங்கிவிட்டார்கள். சுகுமாரனுக்கு வேர்த்துவிட்டது. என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு அண்ணனை அழைத்தார். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"மச்சான், கோவமா இருப்ப. ஆனா..."

"பாய் ரெண்டரைக்குத் தொறப்பாரு, அங்கயே நிக்கச் சொல்லு. வெள்ளிக்கிழமன்னா கோப்பெங்குக்கு மொதல்ல போயிரணும்லா. வர்றப்ப சிம்பாங் பூலாய். அதனால அன்னைக்கு சிம்பாங் பூலாய் சாமான்தான் மொத உள்ள போவணும். கை பழக்கத்துல செய்யிறது, சொல்ல மறந்துட்டேன். மங்களம் இருக்கா? சொகமா இருக்கச் சொல்லு."

போனை வைத்துவிட்டார்.

சுகுமாரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அண்ணன் சொன்னதை ஒன்றுவிடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இனிமே அவனக் கூப்பிட வேண்டியதில்ல."