இஞ்சிக் கேனும் இஸ்திரிப் பெட்டியும்

என் தம்பிக்குப் பெங்களூரில் பீர் காய்ச்சும் வேலை. பெரிய கம்பெனி இல்லை. ஓர் ஓட்டலின் பின்பக்கம் நாலு தொட்டி வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு ருசியாகக் கொஞ்சங்கொஞ்சம் தயாரிக்கிற இடம். மாம்பழ பீர், காப்பி பீர் என்று அவன் போனில் சொல்லும்போதெல்லாம் நான் தலையில் அடித்துக்கொள்வேன். காய்ச்சுகிறவன் ருசி பார்த்துத்தான் ஆகவேண்டுமாம். நாளடைவில் ருசி பார்ப்பதே அவனுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. வேலை போனது, பெண்டாட்டி குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போனாள். ஒரு பையோடு காட்டூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவனுடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியும் மாத்திரையுமாக ஒரு வருடம் ஓடியது. குடியை விட்டான். ஆனால் அவனால் சும்மா உட்கார முடியவில்லை. இஞ்சி, எலுமிச்சை, நாட்டுச் சர்க்கரை போட்டு நுரைக்கிற பானம் ஒன்று செய்ய ஆரம்பித்தான். லேசாகப் புளிக்கவிட்டு, போதை சேருவதற்குள் ஃப்ரிட்ஜில் வைத்து நிறுத்திவிடுவான்.

"ரெண்டு நாள் வெளியில, அப்புறம் குளிர்ல. அவ்வளவுதான்க்கா கணக்கு" என்பான்.

ஒரு தடவைக்கு இரண்டு கேன், அதற்கு மேல் செய்யமாட்டான். கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, காலேஜ் விழா என்று எங்கே இடம் கிடைத்தாலும் மேசை போட்டுப் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுப்போம். ஒரே ஒரு கட்டுப்பாடு. அவன் அதை வாயில் வைக்கமாட்டான். நாக்கில் புளிப்பு பட்டால் பழைய ஆசை எழுந்துவிடும் என்று பயம். ருசி பார்ப்பது என் வேலை. ஸ்கூல் டீச்சர், வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம்கூட அறியாதவள். அதைவிடச் சுத்தமான நாக்கு கிடைக்காது என்று இரண்டு பேருமே நினைத்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில் ஸ்ரீரங்கம் தேருக்கு இடம் கிடைத்தது. தேருக்கு மூன்று நாள் முன்னால் கேன்களை ஃப்ரிட்ஜில் ஏற்றிவிட்டு, அடுத்த தடவைக்குச் சர்க்கரை வாங்க உப்பிலியபுரம் போனான். அங்கே ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கல். பானத்துக்கென்றே வாங்கிய பழைய ஃப்ரிட்ஜ் பின் அறையில் இருந்தது. அந்த அறையில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். அவன் கிளம்பிய அன்று ஸ்கூலுக்குக் கட்டிப்போகிற புடவையை இஸ்திரி போட ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்கினேன். திரும்ப மாட்ட மறந்தேன். மதியம் அடுப்படிபோல் கொதிக்கிற அறை அது. அவன் வருகிற அன்று பெருக்கப் போனபோதுதான் ப்ளக் தரையில் கிடப்பதைப் பார்த்தேன்.

மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு கேனையும் கொட்டிவிடுவான். அவ்வளவு ஆசையாக இருந்தவனைத் தேரன்று வெறுங்கையோடு உட்காரவைக்க மனம் வரவில்லை. திட்டுவானே என்ற பயமும் இருந்தது, அதையும் மறைப்பானேன்?

தேரன்று காலையில் வழக்கம்போல் ருசி பார்த்தேன். இனிப்பு குறைந்திருந்தது. தொண்டையில் சுரீரென்று இறங்கியது.

"இஞ்சி நல்லா ஏறியிருக்கு. எடுத்துக்க" என்றேன்.

சித்திரை வீதி முனையில் கடை போட்டோம். பக்கத்துப் பந்தலில் பானகம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் எங்களிடம் கூட்டம். லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் நான்காவது முறையாக வந்து கப்பை நீட்டினார். முகம் சிவந்திருந்தது.

"எம்புட்டு நாளாச்சுங்க இப்படிக் குடிச்சு. உச்சி வரைக்கும் சுர்ருங்குது. இன்னொண்ணு ஊத்துங்க தம்பி."

தம்பியின் சிரிப்பு நின்றுபோனது. கப்பில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தான். பிறகு ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். விழுங்கினான்.

கேனை மூடிவிட்டு, "முடிஞ்சிருச்சுங்க, போயிட்டு வாங்க" என்றான் வரிசையைப் பார்த்து.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் திரும்பினான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"சரக்காயிடுச்சுக்கா. ஊருக்கே ஊத்திக் குடுத்திருக்கேன். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான், அதுலயும் கணக்குத் தப்பிட்டேன்."

வாய் வரை வந்தது, ப்ளக் விஷயம். "வெயில்டா, யாருக்கு வேணும்னாலும் ஆகும்" என்றுதான் சொன்னேன்.

கேன்களை அவனே சாக்கடையில் கொட்டினான். அதன்பிறகு அவன் இஞ்சி வாங்கவில்லை. பத்தே நாளில் டாஸ்மாக் வாசலில் அவனைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார். ஒரு வாய் குடித்ததால் போனானா, தன்மேல் நம்பிக்கை விட்டதால் போனானா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். எப்படிப் பார்த்தாலும் அந்த ப்ளக்கில்தான் வந்து நிற்கிறது.

இப்போதும் என்னோடுதான் இருக்கிறான். போதையில் வரும் நாட்களில் அதே கேள்வியைத்தான் கேட்கிறான்.

"ரெண்டு நாள் வெளியில, அப்புறம் குளிர்ல. சரியாத்தானேக்கா செஞ்சேன்?"

"சாப்பிடு" என்று சொல்லி, தட்டில் சோற்றைப் போடுகிறேன்.